போத்தேன் வரை: லாவோஸ் ரயிலில் ஒரு வாரம்

பிப்ரவரி 8, 2025, சனி. வியந்தியான்

பாங்காக்கில் நேற்று ராத்திரி ஏறிய வண்டி, விடிந்ததும் தாய்லாந்தின் எல்லை ஊரான நோங்காயில் எல்லோரையும் மூட்டை முடிச்சோடு இறக்கிவிட்டது. பாஸ்போர்ட்டில் தாய்லாந்துக்காரர்கள் முத்திரை குத்தியதும் அதே வண்டியில் மறுபடி ஏறிக்கொண்டோம். அதற்கப்புறம் மேகோங் பாலம். கார் போகிற தார்ச்சாலைக்கு நடுவிலேயே தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். ரயில் கடக்கும்வரை இரு கரையிலும் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். முப்பத்து நாலு வருஷம் கூட்ஸ் கார்டாக இருந்தவன் நான். ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

இந்தப் பாலத்தை 1994இல் ஆஸ்திரேலியா கட்டிக்கொடுத்தது. 2009இல் தாய்லாந்தின் பணத்தில் இதன் மேல் ரயில் ஓடத் தொடங்கியபோது லாவோஸ் நாட்டின் மொத்த ரயில் பாதை மூன்றரை கிலோமீட்டர்தான். பிரெஞ்சுக்காரர்கள் தெற்கே அருவியைச் சுற்றிப் படகுகளையும் சரக்கையும் கடத்த ஒரு குட்டி ரயில் போட்டிருந்தார்கள். அது 1940களிலேயே நின்றுபோனது. அப்படிப்பட்ட நாட்டில் 2021 டிசம்பர் 3ஆம் தேதி, தலைநகர் வியந்தியானிலிருந்து சீன எல்லையிலுள்ள போத்தேன்வரை 400 கிலோமீட்டருக்கு மேல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் சீன நகரம் குன்மிங் வரை சேர்த்தால் 1,035 கிலோமீட்டர். அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். துணைக்குத் தம்பி மகன்.

இறங்கிய இடம் கம்சவாத் ஸ்டேஷன். சீன வண்டி புறப்படும் ஸ்டேஷன் இங்கிருந்து ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலமும் வேறு: இது மீட்டர் கேஜ், அது 1,435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்டு கேஜ். ஒரே ஊருக்கு இரண்டு பக்கமிருந்தும் ரயில் வருகிறது, ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை. பாங்காக்கிலிருந்து குன்மிங் போகிறவர் நடுவில் வேன் பிடித்தாக வேண்டும்.

மத்தியானம் ஒரு வீட்டு வாசல் கடையில் 'காவ் பியாக் சென்'. அரிசி மாவில் செய்த கனமான நூடுல்ஸ், கோழிச் சாறு, மேலே வறுத்த பூண்டு. ஒரு கிண்ணம் 40,000 கிப். நம் ரூபாய்க்கு சுமார் 250 கிப் கிடைக்கிறது, ஆக 160 ரூபாய். கடைக்கார அம்மாவே என் கிண்ணத்தில் எலுமிச்சை பிழிந்துவிட்டார். நான் மிச்சம் வைத்த சாற்றைப் பார்த்து, பிடிக்கவில்லையா என்று கையாலேயே கேட்டார். முழுவதையும் குடித்தேன்.

2021 கடைசியில் ஒரு டாலருக்கு 11,000 கிப் அளவில் இருந்தது. இப்போது 21,000க்கு மேல். கடைச் சுவரிலிருந்த விலைப்பலகையில் ஒவ்வொரு விலையின் மேலும் தாள் ஒட்டி, அதன் மேல் இன்னொரு தாள் ஒட்டி, விளிம்புகள் தடித்துப்போயிருந்தன.

பிப்ரவரி 9, ஞாயிறு. வியந்தியான்

காலையில் பதுசாய் வளைவு. ஊருக்கு நடுவில் பெரிய கான்கிரீட் வளைவு, மேலே போகப் படிக்கட்டு. விமான ஓடுதளம் போட அமெரிக்கா கொடுத்த சிமெண்டை 1960களில் இதற்குத் திருப்பிவிட்டார்கள் என்று ஊரே சொல்கிறது. அதே அமெரிக்கா 1964 முதல் 1973 வரை இந்த நாட்டின்மேல் இருபது லட்சம் டன்னுக்கும் அதிகமாகக் குண்டு போட்டது. வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் குண்டுகளால் இன்றும் கையும் காலும் போகிறது. அப்படி இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்துகொடுக்கும் மையம் ஒன்று இங்கே இருக்கிறது. மூங்கிலைச் செதுக்கியும் தகரத்தை வளைத்தும் கிராமத்து ஆட்கள் தாங்களே செய்துகொண்ட பழைய கால்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தம்பி மகன் வெளியே வந்து நெடுநேரம் பேசவில்லை. இந்த ரயில் பாதைக்கும் முதல் வேலை, வழி நெடுக மண்ணைச் சோதித்துக் குண்டு எடுத்ததுதான்.

நாம்பூ நீரூற்றுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் ஜாமியா மசூதி. அதன் வளாகத்தில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தெற்கிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்களின் அடையாளம். அவர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறி, சைகோனில் இறங்கி, அங்கிருந்து ஆற்றோடு மேலே வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் வழியைப் போட்டது ஒரு பெரிய நாடுதான்.

மாலையில் தானலெங். இங்கேதான் தாய்லாந்துப் பாதையும் சீனப் பாதையும் சரக்குக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கிரேன் ஒரு கன்டெய்னரைத் தூக்கி மறு பக்கம் வைத்தது. அவ்வளவுதான் வேலை. நம் ஊரில் மீட்டர் கேஜும் பிராட் கேஜும் முட்டிக்கொண்ட யார்டுகளில், ஒரு வேகனில் இருந்த நெல் மூட்டையை மனிதர்கள் முதுகில் சுமந்து அடுத்த வேகனில் அடுக்குவதை நான் இளவயதில் பார்த்திருக்கிறேன். ஒரு ரேக், அதாவது ஒரு முழு வண்டிச் சரக்கு, மாற்ற நாள் கணக்காகும், ஆனால் நூறு குடும்பம் சாப்பிட்டது. இங்கே வேலிக்கு வெளியே தேங்காய் விற்றுக்கொண்டிருந்த பெண்ணுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதில் அக்கறை இல்லை. ஒரு தேங்காய் 20,000 கிப்.

பிப்ரவரி 10, திங்கள். லுவாங் பிரபாங்

வியந்தியானில் சீன வண்டி புறப்படும் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, வயல்வெளி நடுவில், விமான நிலையம் போல நிற்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, பெட்டியை எக்ஸ்ரேயில் விட்டு, உடம்பைத் தடவவிட்டு, அப்புறம்தான் உள்ளே. என் பழம் நறுக்கும் கத்தி போனது. கொசுவுக்கு வாங்கிய ஸ்ப்ரே டப்பா போனது. தம்பி மகனின் சென்ட் டப்பாவும் போனது. "பெரியப்பா, நேற்றே சொன்னேனே, ஸ்ப்ரே எதுவும் விடமாட்டாங்கன்னு" என்றான். சொல்லியிருந்தான்தான். கத்தி என் அப்பா வைத்திருந்தது. மனசு கொஞ்சம் கனத்தது. எடுத்த பெண் இரண்டு கையையும் குவித்து மன்னிப்புக் கேட்டாள். அதற்கு மேல் என்ன சொல்ல?

வண்டிக்கு 'லான் சாங்' என்று பெயர். பத்து லட்சம் யானைகள் என்று அர்த்தம். பழைய லாவோ அரசின் பெயர். சிவப்பு, நீலம், வெள்ளைப் பட்டை, லாவோஸ் கொடியின் நிறங்கள். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் இரண்டு இருக்கை. அறிவிப்பு லாவோ, சீனம், ஆங்கிலம் மூன்றிலும். மணி அடித்த மாதிரி புறப்பட்டது. வேகம் 160.

வாங்வியெங் வரை வயலும் சுண்ணாம்புக் குன்றுகளும். அதற்கப்புறம் மலை. சுரங்கத்துக்குள் போவோம், வெளியே வருவோம், ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு வீடு, ஒரு ஓடை, மறுபடி இருட்டு. லாவோஸ் பகுதியில் மட்டும் 75 சுரங்கங்கள், 167 பாலங்கள். பாதையின் ஏறக்குறைய பாதி மலைக்குள்ளேயே ஓடுகிறது. கட்டுமானம் 2016 கடைசியில் தொடங்கி ஐந்து வருஷத்தில், சொன்ன தேதிக்கே முடிந்தது. கொரோனாவும் நடுவில் வந்து போனது. பாதை போடுவது என்றால் என்ன என்று அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சாதாரண வேலை இல்லை. கட்டியவர்கள் முன்னால் தலை வணங்குகிறேன்.

இதற்கு ஆன செலவு சுமார் 600 கோடி டாலர். அன்றைக்கு லாவோஸின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதில் 60 சதவீதம் சீன எக்ஸிம் வங்கிக் கடன். மீதியைப் போட்ட கூட்டு நிறுவனத்தில் சீனாவுக்கு 70, லாவோஸுக்கு 30. அந்த முப்பதைப் போடவும் லாவோஸிடம் முழுப் பணம் இல்லை. அதற்கே 48 கோடி டாலரை அதே சீன வங்கியிடம் வாங்கினார்கள். மொத்த ஜனத்தொகையே எழுபத்தைந்து லட்சம் சுற்றித்தான்.

பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா மடியில் மூங்கில் கூடை. திறந்தால் ஒட்டரிசிச் சோறு. கொஞ்சம் பிய்த்து உருட்டி எனக்கும் நீட்டினார். கறுப்பும் ஊதாவுமாக இருந்தது. செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் சாப்பிட்ட கவுனி அரிசியின் அதே மணம். அது பர்மாவிலிருந்து வந்த அரிசி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவர் என்னை 'லுங்' என்று அழைத்தார். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அண்ணனாக இருப்பவரை இங்கே அப்படித்தான் அழைப்பார்களாம். வண்டியில் இரண்டு பேருக்கு நான் பெரியப்பா ஆனேன்.

இரண்டு மணி நேரத்துக்குள் லுவாங் பிரபாங். ரோட்டில் எட்டு, பத்து மணி நேரம் பிடித்த தூரம்.

பிப்ரவரி 11, செவ்வாய். லுவாங் பிரபாங்

விடிகாலையில் நல்ல குளிர், ஆற்றின் மேல் பனி. ஆறு மணிக்குள் பிக்குகள் வரிசையாக வந்தார்கள். வீட்டு வாசலில் முழங்காலிட்டு உட்கார்ந்த கிழவிகள் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு உருண்டை சோறு வைத்தார்கள். சீனச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று கேமராவோடு நெருங்க, அவர்களின் வழிகாட்டியே கையை விரித்துத் தடுத்துப் பின்னால் தள்ளினார். ஊரில் இன்றைக்குத் தைப்பூசம். சோறு வைத்த கைகளைப் பார்த்தபடி நின்றேன்.

காலை உணவுக்கு 'காவ் சோய்' என்றார்கள். பன்றிக் கொத்துக்கறி போட்டது. நான் சாப்பிடுவதில்லை என்றதும் முட்டை போட்டுத் தனியாகச் செய்துகொடுத்தார்கள். அதே 40,000. மத்தியானம் பப்பாளிக்காய் சாலட். அதில் ஊற்றும் 'பாதேக்' என்ற நொதித்த மீன் சாற்றின் வாசம் தம்பி மகனை எழுந்து போகச் செய்தது. எனக்குக் கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி இருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நேற்று ஸ்டேஷனிலிருந்து எங்களைக் கூட்டிவந்த வேன் டிரைவரை இன்று ஊர் சுற்ற வைத்துக்கொண்டோம். ஐம்பது வயது இருக்கும். முன்பு இங்கிருந்து வியந்தியானுக்கு மலை ரோட்டில் ராத்திரி வேன் ஓட்டியவர். ரயில் வந்ததும் அந்த ஓட்டம் போய்விட்டது. இப்போது ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் மட்டும் ஓட்டுகிறார். ஸ்டேஷன் ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் அளவில் தள்ளி இருப்பதால்தான் தனக்குப் பிழைப்பு என்றார். "வருத்தமா?" என்று போன் மொழிபெயர்ப்பில் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: மழைக்காலத்தில் மண் சரியும், இரண்டு கூட்டாளிகளை அந்த ரோட்டில் இழந்தேன், இப்போது தினமும் வீட்டில் தூங்குகிறேன். பிறகு தன் மச்சானின் நிலம் பாதைக்குப் போனதையும், பணம் கைக்கு வர வருஷக்கணக்கில் ஆனதையும் சொன்னார். பாதைக்காக வீடோ நிலமோ இழந்த குடும்பங்கள் நாலாயிரத்துக்கும் மேல். இரண்டையும் அவர் ஒரே குரலில் சொன்னார். எனக்குத்தான் இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ளச் சிரமமாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன். போத்தேன்

லுவாங் பிரபாங்கைத் தாண்டியதும் ரயில் மேகோங்கை இரண்டு முறை கடக்கிறது. தண்ணீர் ஒடுங்கி, இரு பக்கமும் மணல் திட்டில் காய்கறிப் பாத்தி. மேலே சீனப் பகுதியில் வரிசையாக அணைகள். இங்கே வந்து சேரும் 'நாம் ஊ' என்ற ஆற்றில் மட்டும் சீன நிறுவனம் கட்டிய ஏழு அணைகள். நாட்டின் மின்கடத்தும் கம்பிகளை நடத்த ஒரு கம்பெனி அமைத்தபோது அதிலும் பெரும்பங்கு சீன மின் நிறுவனத்துக்குப் போனது. நான் உட்கார்ந்திருந்த வண்டிக்கு மேலே ஓடிய மின்சாரத்தை இதனோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி லூப் லைனில் ஒதுங்கியது. இது ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்குக் காத்திருந்துதான் ஆகவேண்டும். வடக்கேயிருந்து கூட்ஸ் வந்தது. பழக்கம் விடவில்லை, எண்ணிக்கொண்டேன். எல்லாம் கன்டெய்னர். தெற்கே இயந்திரங்களும் மின்சாதனங்களும் வருகின்றன; வடக்கே ரப்பர், மரவள்ளி மாவு, பொட்டாஷ், இரும்புத் தாது, தாய்லாந்து டூரியன் போகின்றன. ஒரு நாட்டின் நிலைமையை அதன் கூட்ஸ் வண்டி சொல்லிவிடும் என்று எங்கள் பழைய யார்டு மாஸ்டர் சொல்வார். தோண்டியதும் பறித்ததும் மேலே போகிறது, செய்து முடித்த பொருள் கீழே வருகிறது. இந்த நிலை மாறும்வரை, ரயில் பாதையால் லாவோஸ் உயர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

வடக்கே போகப் போக மலைச்சரிவெல்லாம் ரப்பர் தோட்டம். பிப்ரவரி ஆனதால் இலை உதிர்ந்து நின்றது, குலசேகரம் பக்கம் பார்ப்பது போலவே.

போத்தேன் கடைசி ஸ்டேஷன். இதற்கு அப்பால் எல்லையைக் குடைந்த ஒன்பதரை கிலோமீட்டர் நட்புச் சுரங்கம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் சீனாவில், மீதி இங்கே. எங்களிடம் சீன விசா இல்லை. நாங்கள் இறங்கினோம். 2023 ஏப்ரல் முதல் ஓடும் குன்மிங் வண்டியில் போகிறவர்கள் மட்டும் எல்லை தாண்டிப் போய்ச் சேர்வார்கள்.

ஊருக்குள் நுழைந்தால் லாவோஸ் காணாமல் போய்விட்டது. உயர உயரமான கட்டடங்கள், பாதி முடிந்தவை, பாதி கம்பியோடு நிற்பவை. பலகைகள் சீன எழுத்தில். விலை யுவானில். கடைக்காரப் பெண்ணிடம் கிப் நோட்டை நீட்டினால் வாங்கவே யோசிக்கிறாள். போனை ஸ்கேன் செய்யச் சொல்கிறாள். கிப் அவளுடைய சொந்த நாட்டுப் பணம் இல்லைதான், ஆனால் நாங்கள் நின்றது லாவோஸ் மண்ணில். 2003 வாக்கில் இங்கே சீன முதலீட்டில் சூதாட்ட விடுதிகள் வந்தன. கடன்பட்டவர்களைப் பூட்டிவைத்து அடித்த செய்திகள் வெளியான பிறகு 2011இல் மூடினார்கள், ஊரே காலியானது. இப்போது ரயிலை நம்பி மறுபடி எழுப்புகிறார்கள்.

ராத்திரிச் சாப்பாடு தவறிவிட்டது. ஊர் பெய்ஜிங் நேரத்தில் நடக்கிறது, லாவோஸைவிட ஒரு மணி நேரம் முன்னால். என் கைக்கடிகாரத்தில் எட்டரைக்குப் போனோம், அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஹூனானிலிருந்து வந்து விடுதி நடத்தும் பெண் எங்களைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கு வைத்திருந்த சோறும் மிளகாய் போட்ட முட்டைப் பொரியலும் கொண்டுவந்து வைத்தார். எவ்வளவு வற்புறுத்தியும் காசு வாங்கவில்லை. அவரும் எட்டு வருஷமாக ஊரை விட்டு வந்தவர், மகன் பாட்டி வீட்டில் வளர்கிறானாம். பௌர்ணமி. முடியாத கட்டடங்களின் ஜன்னல் ஓட்டைகள் வழியே நிலா வெளிச்சம் தெரிந்தது.

பிப்ரவரி 13, வியாழன். போத்தேன்

காலையில் தம்பி மகனின் போன் சீன டவரைப் பிடித்து நேரத்தை மாற்றிக்கொண்டது. என் கடிகாரம் ஒன்று சொல்ல, போன் ஒன்று சொல்ல, விடுதிச் சுவர் போனின் பக்கம் நின்றது. நாள் முழுவதும் எதையும் நம்ப முடியவில்லை.

எல்லை வாசல் வரை நடந்தோம். லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் தார்ப்பாயின் நிழலில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாச் சரக்கும் ரயிலேறிவிடவில்லை.

அங்கே ஓர் இளைஞனைச் சந்தித்தோம். உதோம்சாய் பக்கத்துக் கிராமம், குன்மிங்கில் உதவித்தொகையில் படித்தவன், இப்போது இங்கே ஒரு சீன நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளன். லாவோ சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு வாங்குகிறான். ரயில் ஓட்டக் கற்றுக்கொண்ட தன் வகுப்புத் தோழியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான். "இந்தியா இங்கே ரயில் போடுமா?" என்று கேட்டான். மணிப்பூரின் மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கிலோமீட்டர் சாலை போடுவதாக நாம் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. இன்னும் முடியவில்லை. அதைச் சொன்னேன். சத்தியமாக எனக்கு வெட்கமாக இருந்தது. கடன் கொடுத்தவனைக் குறை சொல்வதற்கு முன்னால், வேறு யார் இவர்களிடம் வந்து நின்றார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. லாவோஸின் வெளிநாட்டுக் கடனில் ஏறக்குறைய பாதி சீனாவுக்கு. வட்டியைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத்தான் நாட்கள் நகர்கின்றன. பெரிய நாடு மனசு வைத்தால் இந்தக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாம். செய்யவேண்டும் என்பது என் எண்ணம்.

பிப்ரவரி 14, வெள்ளி. வியந்தியானுக்குத் திரும்பும் வண்டி

போனை நம்பி ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். கதவு திறக்கவில்லை. வாசலில் குளிரில் நின்றோம். எங்களைப் போலவே நேரம் தவறி வந்த ஒரு குடும்பம், காப்பி வாங்கி வந்து எங்களுக்கும் இரண்டு கோப்பை கொடுத்தது.

உதோம்சாயில் ஒரு பெண் தன் தாயைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். தாய்க்கு எழுபது இருக்கும். மூச்சு வாங்குகிறது. வியந்தியானில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை போகவேண்டுமாம். முன்பு பஸ்ஸில் ஒரு நாள் முழுக்க ஆகும், வளைவுகளில் அம்மா வாந்தி எடுத்தே துவண்டுவிடுவார், அதனால் இரண்டு வருஷம் போகாமலே இருந்தோம் என்றாள். இப்போது காலையில் ஏறினால் மத்தியானம் டாக்டர். டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போவது மட்டும்தான் கஷ்டம். கிப் இறங்க இறங்க அது ஏறுகிறது.

நான் ரயிலில் வேலை பார்த்தவன் என்று தம்பி மகன் அவளிடம் சொல்லிவிட்டான். அவள் தாயின் காதில் சொன்னாள். தாய் என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்தார். இது நான் போட்ட பாதை இல்லை, என் நாடு போட்டதும் இல்லை என்று சொல்லத் தோன்றியது. சொல்ல மொழி இல்லை. நானும் குவித்தேன்.

வாங்வியெங்கை அடுத்து மறுபடி லூப் லைன். கூட்ஸ் ஒன்று வடக்கே போனது. தாய் தூங்கிவிட்டார். மகள் அவர் காலிலிருந்து நழுவிய செருப்பை எடுத்து, தன் பையின் ஓரத்தில் பத்திரமாகச் சொருகிக்கொண்டாள்.